கிளிப்பச்சை எங்கே போயிற்று?

ஜவுளிக் கடைக்கு வீட்டுப் பெண்மணிகளுக்குத் துணையாகப் போய் வந்த ஆண்பிள்ளைகள் எல்லோரும் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். கடைக்காரர் ஐம்பது புடவைகளைப் பிரித்துப் போட்டுவிட்டார். விளக்குகளோ பட்டப் பகலைத் தோற்கடிக்கும்படி எரிகின்றன. அம்மணி ஒரு புடவையைக் கையில் எடுக்கிறார், புரட்டிப் பார்க்கிறார், பிறகு அதைத் தூக்கிக் கொண்டு விடுவிடு என்று கடை வாசலுக்கு நடக்கிறார். அங்கே வெயிலில் ஒரு முறை, நிழலில் ஒரு முறை பிடித்துப் பார்த்துவிட்டு, "உள்ளே மாம்பழ நிறமாக இருந்தது, இங்கே வந்தால் மண் நிறமாக அல்லவா இருக்கிறது?" என்று கேட்கிறார். கடைக்காரர் சிரிக்கிறார். கையில் பையுடன் நிற்கும் புருஷரோ கடிகாரத்தைப் பார்க்கிறார்.

இருபது வருஷ காலமாக அப்படிக் கடிகாரத்தைப் பார்த்து நின்ற புருஷர்களில் நாமும் ஒருவர். பௌதிகத்தில் பட்டம் பெற்று, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஒளியைப் பற்றிப் பாடமும் நடத்திக் கொண்டுதான் அவ்வாறு நின்றோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக் கொள்ள வேண்டியிருக்கிறது. கடைக்குள்ளிருந்து வாசலுக்கு நடக்கும் அந்தப் பத்தடி தூரத்தில் எவ்வளவு சாஸ்திரம் அடங்கியிருக்கிறது என்பதைச் சென்ற மாதம் பென்னலூரில்தான் தெரிந்து கொண்டோம்.

பென்னலூர் என்றால் சில நேயர்களுக்கு விளங்காமல் போகலாம். ஸ்ரீபெரும்புதூர் என்றால் எல்லோருக்கும் விளங்கும். உடையவர் அவதரித்த அந்த ஸ்தலத்தை அடுத்து, சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் பெருஞ்சாலையில் இருக்கிறது பென்னலூர். ஸ்ரீ வெங்கடேசுவரா பொறியியற் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. சுற்றுப்புறமெங்கும் இருங்காட்டுக்கோட்டை என்றும் ஒரகடம் என்றும் தொழிற்பேட்டைகள். காரும், கண்ணாடியும், கைப்பேசியும் இந்த வட்டாரத்திலிருந்து தேசமெங்கும் போகின்றன. விடியற்காலையில் ஏரிக்கரையில் கொக்குகள் இறங்கும் நேரத்தில், சாலையில் தொழிற்சாலை பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும். இராத்திரி வேலை முடிந்தவர்கள் தூங்கிக் கொண்டே இறங்குவார்கள். பகல் வேலைக்காரர்கள் தூங்கிக் கொண்டே ஏறுவார்கள்.

நம்முடைய பழைய மாணவர் ஒருவர் அங்கே பஸ் நிற்கும் இடத்துக்கு அருகில் சிறியதொரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். வேலைக்கு மனுப் போடும் வாலிபர்களுக்குப் பாஸ்போர்ட் அளவுப் படம் எடுத்துக் கொடுப்பது அவருக்குக் காலை வேலை. கலியாண ஆல்பம் தயாரிப்பது மாலை வேலை. இரண்டுக்கும் நடுவே காஞ்சிபுரத்து நெசவாளர் ஒருவரின் பட்டுப் புடவைகளைப் படம் பிடித்துத் தருகிறார். அந்தப் படங்களைக் கைப்பேசியின் மூலம் வெளியூர்களுக்கு அனுப்பி, இடையில் தரகர் எவரும் இல்லாமல் நெசவாளர் தம் சரக்கைத் தாமே விற்று வந்தார். கைத்தறிக்காரர் தரகரின் பிடியிலிருந்து தப்புவதென்றால் அது சாமானியமான காரியமா? மூன்று வருஷமாக அது நன்றாகவே நடந்து வந்தது.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் பள்ளிக்கூட மலருக்காக மாணவர் எடுத்திருந்த படங்களை வாங்கி வரலாம் என்று போனோம். பிள்ளைகள் தேசியக் கொடிக்கு வணக்கம் செலுத்தும் படம் முதல் பக்கத்துக்கு வேண்டியிருந்தது. ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் அங்கே ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்து போயிற்று. பெஞ்சியின் ஒரு கோடியில் நெசவாளப் பெரியவர் மடியில் ஒரு புடவைப் பொட்டலத்துடன் உட்கார்ந்திருந்தார். மறு கோடியில் மாணவர் தலையைக் குனிந்து கொண்டிருந்தார். இருவரும் பேசவில்லை.

"வாத்தியாரையா, நல்ல வேளையாக வந்தீர்கள். நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்கள்" என்று பெரியவர் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே கிளிப்பச்சை உடலும் அரக்குக் கரையுமாக ஒரு கோர்வைப் புடவை. கோர்வை என்றால், உடலையும் கரையையும் வெவ்வேறு வர்ண நூலில் மூன்று நாடா ஓட்டி நெய்து, தறியிலேயே ஒன்றோடொன்று கோப்பது. ஒருவரால் ஆகாது, பக்கத்தில் துணைக்கு ஓர் ஆள் வேண்டும். பெரியவருக்கு அவர் சம்சாரமே துணை. பதினெட்டு நாள் இருவருமாக நெய்த அந்தப் புடவையை 22,000 ரூபாய்க்குக் கோயம்புத்தூரில் ஒரு வீட்டார் வாங்கினார்கள். மறு வாரமே திருப்பி அனுப்பிவிட்டார்கள். 'படத்தில் இருந்த பச்சை வேறு; வந்த பச்சை வேறு. இப்படி ஏமாற்றலாமா?' என்று கேட்டிருந்தார்களாம்.

"நாற்பது வருஷமாக நெய்கிறேன், ஐயா. இந்த வார்த்தையை ஒருவரும் என்னைச் சொன்னதில்லை" என்றார் பெரியவர்.

விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாணவரிடமிருந்து வாங்கினோம். மூன்று மாதத்துக்கு முன்னால் அவர் கடன் வாங்கிப் புதிய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினார். கூடவே படங்களைத் திருத்தும் மென்பொருளையும் புதிய பதிப்புக்கு மாற்றினார். அன்று முதல் வர்ணங்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. கிளிப்பச்சை வெளுத்தது, அரக்கு கறுத்தது. படத்தைப் பார்த்தவர்கள், 'சாயம் போன சரக்கா?' என்று கேட்டார்கள். இரண்டு வாரம் ஒரு புடவையும் விற்கவில்லை. பதறிப் போன மாணவர், கண்ணுக்குப் பிடித்த மட்டும் வர்ணத்தை ஏற்றினார். அப்படி ஏற்றிய படத்தைப் பார்த்துத்தான் கோயம்புத்தூர்க்காரர்கள் புடவையை வாங்கியிருக்கிறார்கள்.

"திரையின் வெளிச்சத்தைக் கூட்டினேன், குறைத்தேன். மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடியும் போட்டேன். காமிராவின் லென்ஸைத் துடைத்தேன். என் கண்தான் கெட்டுவிட்டதோ என்று கண் டாக்டரிடம் கூடப் போய் வந்துவிட்டேன், ஸார். கண்ணில் ஒன்றும் இல்லையாம். கம்ப்யூட்டரை விற்றுவிடலாம் என்று இருக்கிறேன்" என்றார்.

நம் பள்ளிக்கூடப் படத்தையும் காட்டினார். கொடியின் கேசரி வர்ணம் பழைய செங்கல்லைப் போல் இருந்தது.

பௌதிக வாத்தியாருக்கு வர்ணக் கலை தெரியாவிட்டாலும் ஒரு விதி தெரியும். சோதனைச் சாலையில் பிள்ளைகளுக்கு நாம் தினமும் சொல்லும் விதி அது: ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றவை அப்படியே இருக்கட்டும். நம் மாணவர் பத்து மருந்துகளை ஒரே நாளில் கொடுத்த வைத்தியரைப் போல் எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றியிருந்தார். எந்த மருந்து கேட்டது, எது கெடுத்தது என்று எப்படித் தெரியும்?

ஆகவே முதலில் புடவையைக் கடை வாசலுக்குக் கொண்டு போனோம். நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில் அதை விரித்துப் பிடிக்கச் சொன்னோம். பக்கத்தில் மூன்று திரைகள்: ஸ்டூடியோவின் திரை, பெரியவருடைய கைப்பேசி, நம்முடைய கைப்பேசி. புதிய பதிப்பு வருவதற்கு முன்னால் முடித்த படங்கள் மூன்றையும், பின்னால் எடுத்து வர்ணம் ஏற்றாத படங்கள் மூன்றையும் ஒவ்வொரு திரையிலும் பார்த்தோம்.

பழைய படங்கள் மூன்று திரைகளிலும் நன்றாகவே இருந்தன. புதிய படங்கள் மூன்று திரைகளிலும் வெளுத்திருந்தன. கைப்பேசிக்குக் கைப்பேசி சிறிது பேதம் இருந்தது உண்மை. ஆனால் எல்லாம் ஒரே திக்கிலேயே வெளுத்திருந்தன. இதிலிருந்து ஒரு காரியம் நிச்சயமாயிற்று. குற்றவாளி திரை அல்ல. ஸ்டூடியோவின் திரை மட்டும் மாறிக் காட்டியிருந்தால் அதைச் சந்தேகித்திருக்கலாம். குற்றம் புதிதாகத் தயாராகும் படக் கோப்புகளுக்குள்ளேயே இருக்கிறது. காமிராவுக்கும் கைப்பேசிக்கும் நடுவே, அந்த மென்பொருளுக்குள் புகுந்து வெளியே வரும் வழியில், எங்கோ கிளிப்பச்சை களவு போயிருக்கிறது.

அப்போது பாஸ்போர்ட் படத்துக்காகக் காத்திருந்த வாலிபர் ஒருவர், கார் உறுப்புகளுக்கு வர்ணம் பூசும் தொழிற்சாலையில் பரிசோதகராக இருப்பவர், நம் வாசற்படிச் சபையைப் பார்த்துச் சிரித்தார். "எங்கள் இடத்தில் வெறும் கண்ணை நம்ப மாட்டார்கள், ஸார். ஒரு பெட்டிக்குள் பகல் வெளிச்சம், கடை விளக்கு, வீட்டு விளக்கு என்று மூன்று விதமான விளக்குகள் இருக்கும். உலோகக் கதவையும் பிளாஸ்டிக் பம்பரையும் ஒவ்வொரு விளக்கிலும் சேர்த்து வைத்துப் பார்ப்போம். ஒரு விளக்கில் ஒன்றாக இருப்பது மற்றொன்றில் வேறாகத் தெரியும். அதற்கும் மேலே, நிறத்தை அளந்து எண்ணாகச் சொல்லும் கருவி ஒன்று வைத்திருக்கிறோம்" என்றார்.

அந்த எண் என்ற சொல்தான் நமக்கு வழி காட்டிற்று.

கம்ப்யூட்டருக்குப் பச்சையும் தெரியாது, சிவப்பும் தெரியாது. அதற்குத் தெரிந்தது எண் ஒன்றே. படத்தை லக்ஷக்கணக்கான புள்ளிகளாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று, 0 முதல் 255 வரை மூன்று எண்களை எழுதி வைக்கிறது. இந்த மூன்றைக் கலந்து மற்ற வர்ணங்களைப் பெறலாம் என்பதை ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1861-ம் வருஷம் லண்டனில் மூன்று விளக்குகளைக் கொண்டு திரையில் படம் காட்டி நிரூபித்தார். அவர் காட்டிய பொருள் கட்டம் போட்ட ஸ்காட்லாந்து நாடா ஒன்று. ஆக, வர்ணப் படத்தின் சரித்திரமே ஒரு துணித் துண்டிலிருந்துதான் தொடங்குகிறது!

நிற்க. பச்சை 255 என்றால் எந்தப் பச்சையில் 255? வாழைத் தளிரின் பச்சையா, கிளியின் பச்சையா, பாசியின் பச்சையா? ஒவ்வொரு யந்திரமும் தன் பச்சையே பச்சை என்று சாதிக்கும். ஆகையால் எந்த யந்திரத்தையும் சாராத ஓர் அளவு வேண்டியிருந்தது. வெளிச்சத்துக்கான சர்வதேசக் கமிஷன் 1931-ல் அத்தகைய அளவு ஒன்றை வகுத்தது. ரைட், கில்ட் என்ற இரண்டு ஆங்கில விஞ்ஞானிகள் 17 பேருடைய கண்களைக் கொண்டு செய்த பரிசோதனைகள் அதற்கு ஆதாரம்.

இந்த அளவுக்கும் நம் தேசத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1947 ஜூலை 22-ந் தேதி அரசியல் நிர்ணய சபை மூவர்ணக் கொடியை ஏற்றுக் கொண்டது. பிறகு கொடிக்குத் தர நிர்ணயம் செய்தபோது, 'கேசரி' என்றும் 'பச்சை' என்றும் பெயரைச் சொல்லி நிறுத்திவிடவில்லை. இந்தியத் தர நிர்ணயங்களின் வரிசையில் 1 என்ற எண்ணைப் பெற்று 1951-ல் வெளியான அந்த நிர்ணயத்தில், கேசரிக்கு 0.538, 0.360 என்றும், பச்சைக்கு 0.288, 0.395 என்றும், எந்த வெளிச்சத்தில் பார்த்த எண் என்பதுடன் சர்வதேச அளவிலேயே குறித்து வைத்தார்கள். காஷ்மீரத்தில் சாயம் தோய்த்தாலும் கன்னியாகுமரியில் தோய்த்தாலும் கொடி ஒன்றாக இருக்க வேண்டும் அல்லவா? எண்ணோடு அளவையும் சேர்த்துச் சொன்னதால்தான் அது சாத்தியமாகிறது.

படக் கோப்பிலும் அப்படியே. மூன்று எண்களோடு, அவை எந்த அளவில் எழுதப்பட்டவை என்ற குறிப்பு ஒன்றும் கூடவே போக வேண்டும். அதற்கு 'புரொபைல்' என்று பெயர். நாம் வர்ணக் குறிப்பு என்று வைத்துக் கொள்வோம். இந்தக் குறிப்பை எல்லா யந்திரங்களும் ஒரே பாஷையில் எழுதவும் படிக்கவும் வேண்டும் என்பதற்காக 1993-ல் பல கம்பெனிகள் கூடி ஒரு சங்கம் அமைத்தன. இன்று அதிகமாக வழங்கும் அளவுகள் இரண்டு. ஒன்று, 1996-ல் இரண்டு அமெரிக்கக் கம்பெனிகள் முன்மொழிந்த 'எஸ்.ஆர்.ஜி.பி.', கைப்பேசிகளும் சாதாரணத் திரைகளும் குறிப்பு இல்லாத படத்தை இந்த அளவில் எழுதியதாகவே கொள்கின்றன. மற்றது, 1998-ல் வந்த 'அடோபி ஆர்.ஜி.பி.', பச்சைகளில் முன்னதைக் காட்டிலும் விசாலமானது.

வர்ணம் ஒன்றாகவே இருக்க, எண் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். எஸ்.ஆர்.ஜி.பி. அளவில் சுத்தச் சிவப்புக்கு 255 என்று எழுதினால், அதே சிவப்புக்கு அடோபி அளவில் 219 எழுதினால் போதும். எஸ்.ஆர்.ஜி.பி. அளவில் சுத்தப் பச்சை என்பது 0, 255, 0. அதே பச்சை அடோபி அளவில் 144, 255, 60. இப்போது அடோபி அளவில் எழுதிய எண்களைக் குறிப்பைக் கிழித்தெறிந்துவிட்டு எஸ்.ஆர்.ஜி.பி. என்று படித்தால் என்ன ஆகும்? 255 ஆக இருக்க வேண்டிய சிவப்பு 219 ஆகிக் கறுக்கும். பச்சையிலோ, சிவப்பு 144-ம் நீலம் 60-ம் கலந்து அதை வெளுக்கச் செய்துவிடும். அரக்கு ஏன் கறுத்தது, கிளிப்பச்சை ஏன் வெளுத்தது என்பது இப்போது விளங்குகிறது அல்லவா?

இதைப் பெரியவருக்கு விளக்குவதற்கு நமக்குப் பாட்டியின் கதை ஒன்று உதவிற்று. 1957 ஏப்ரல் 1-ந் தேதி ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற கணக்குப் போய், நூறு நயா பைசா என்ற கணக்கு வந்தது. பழைய ஆறணாவுக்குப் புதிய காசு 37. சந்தையில் ஆறணாச் சாமானுக்கு 37 காசு கொடுத்தால் எண் மாறிற்று, மதிப்பு மாறவில்லை. ஆறணாவை ஆறு காசு என்று பெயர் மாற்றினால் எண் மாறவில்லை. மதிப்பு அடியோடு போயிற்று. மென்பொருளிலும் இந்த இரண்டு காரியங்களுக்கும் தனித்தனியே கட்டளைகள் இருக்கின்றன. ஒன்று அளவை மாற்றி எண்ணையும் தக்கபடி மாற்றி எழுதுவது. மற்றது எண்ணை அப்படியே வைத்துவிட்டுப் பெயரை மட்டும் ஒட்டுவது. இரண்டையும் குழப்பிக் கொண்டவன் சந்தையில் ஆறு காசைக் கொடுத்து அடி வாங்கியவன்.

"அப்படியானால் என் புடவையை ஆறு காசு என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார்களா?" என்றார் பெரியவர். நாம் இவ்வளவு பேசியதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

பிறகு தடயம் தேடினோம். காமிராவிலிருந்து வந்த கோப்புகளின் பெயர்கள் எல்லாம் அடிக்கோட்டுடன் தொடங்கின. காமிராவை அடோபி அளவில் வைத்திருப்பதற்கு அது அடையாளம். முன்பொரு நண்பர், 'இதுதான் உயர்ந்தது' என்று அப்படி மாற்றிக் கொடுத்திருக்கிறார். பழைய மென்பொருளையும் அதற்குத் தக்கபடி அவரே அமைத்திருக்கிறார்: படத்தைத் திறக்கும்போது குறிப்பைக் காப்பாற்ற வேண்டியது, வெளியே அனுப்பும்போது எஸ்.ஆர்.ஜி.பி.க்கு மாற்றி எழுத வேண்டியது. புதிய பதிப்பு வந்தபோது அந்த ஏற்பாடுகள் எல்லாம் அழிந்து, ஆரம்ப நிலைக்குப் போய்விட்டன.

"முதல் நாள் ஏதாவது கேள்வி கேட்டதா?" என்றோம்.

மாணவர் யோசித்தார். "ஒரு சின்னப் பெட்டி வந்தது, ஸார். நாலு வரி ஆங்கிலம். பத்துப் பேர் பாஸ்போர்ட் படத்துக்கு வெளியே நின்று கொண்டிருந்தார்கள். கடைசியில் இருந்ததை அமுக்கிவிட்டு, 'இனிமேல் கேட்காதே' என்பதையும் அமுக்கிவிட்டேன்."

கேட்ட கேள்வி இதுதான்: 'இந்தப் படத்தின் வர்ணக் குறிப்பு வேறாக இருக்கிறது. அதை வைத்துக் கொள்ளட்டுமா, மாற்றி எழுதட்டுமா, எறிந்துவிடட்டுமா?' நம் மாணவர் அமுக்கியது மூன்றாவது பதில். அன்று முதல் அந்த விசுவாசமுள்ள வேலைக்காரன் எஜமானன் சொற்படி ஒவ்வொரு குறிப்பையும் எறிந்து கொண்டே வந்திருக்கிறான். மறுபடியும் கேட்கவும் இல்லை.

மாணவரின் முகம் வாடியதைக் கண்டு, உலகத்தில் அவர் தனியாக இல்லை என்பதைச் சொன்னோம். 1998-ல் 'போட்டோஷாப்' என்னும் பிரசித்தி பெற்ற மென்பொருள் தன் ஐந்தாம் பதிப்பில் வர்ணக் குறிப்பு முறையைப் புகுத்தியபோது, பழைய படங்கள் வேறாகத் தெரிகின்றன என்று தொழிலில் கைதேர்ந்தவர்களே முறையிட்டார்கள். அதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அடோபி அளவு என்று இன்று உலகம் வழங்கும் அளவே, வேறொரு நிர்ணயத்திலிருந்து எண்களைப் பார்த்து எழுதுகையில் நேர்ந்த பிழையால் பிறந்தது. பிழை தெரிவதற்குள் ஜனங்கள் அதை விரும்பி உபயோகிக்கத் தொடங்கிவிட்டபடியால், எண்களை வைத்துக் கொண்டு பெயரை மட்டும் மாற்றினார்கள்! 2009-ல் ஆப்பிள் கம்பெனியார் தங்கள் கம்ப்யூட்டர்களில் நடுத்தர நிழல்களைக் காட்டும் கணக்கை 1.8-லிருந்து 2.2-க்கு மாற்றினார்கள். குறிப்பில்லாத பழைய படங்கள் சட்டென்று இருண்டு தோன்றின. 'கிம்ப்' என்னும் இலவச மென்பொருளைச் செய்தவர்களோ 2018-ல் 2.10 பதிப்பில் வர்ணங்களைக் கலக்கும் கணிதத்தையே மாற்றினார்கள். ஆயினும் பழைய கணக்கையும் தனியே வைத்திருந்து, பழைய கோப்புகளைப் பழைய முறையிலேயே திறக்கும்படி செய்தார்கள். புதிய மருமகள் வந்ததும் பழைய பாத்திரங்களைத் தூக்கி எறியாத வீடு அது.

இனிப் பரிகாரம். 'இனிமேல் கேட்காதே' என்றதை மாற்றி, 'எப்போதும் கேள்' என்று ஆக்கினோம். குறிப்பைக் காப்பாற்றும்படி ஏற்பாட்டைத் திருத்தினோம். களவு போன கோப்புகளுக்கு முதலில் அடோபி என்ற உண்மையான பெயரை ஒட்டினோம்; திரையில் கிளிப்பச்சை கண் விழித்தது. அதன் பின்னரே எஸ்.ஆர்.ஜி.பி.க்கு எண்களை மாற்றி எழுதி, குறிப்புடன் சேர்த்து அனுப்பினோம். இந்த வரிசை முக்கியம். முதலில் எந்த நாணயம் என்று தெரிந்து கொண்டு, பிறகுதான் மாற்றிக் கொள்ள வேண்டும்.

கண்ணால் வர்ணம் ஏற்றிய படங்களுக்கு இந்த மருந்து பலிக்கவில்லை. அவற்றில் எண்களே கலைந்துவிட்டன. காமிராவின் மூலப் படங்கள் இருந்தவற்றை அவற்றிலிருந்து புதிதாகச் செய்தோம். ஆறு படங்களை மூலத்தின் மேலேயே எழுதி அழித்திருந்தார் மாணவர். அந்த ஆறையும் மீட்க முடியவில்லை. பள்ளிக்கூடக் கொடிப் படத்தின் மூலம், தெய்வாதீனமாக, பிழைத்திருந்தது.

பெரியவர் கைப்பேசியைப் புடவையின் பக்கத்தில் பிடித்து, வாசலில் நின்று வெகு நேரம் பார்த்தார். "பச்சை வந்துவிட்டது, தம்பி. அரக்கும் சரி. சரிகை மாத்திரம் இதில் பேசவில்லை" என்றார். பட்டைத் திருப்பத் திருப்பச் சரிகை மினுக்குவதை எந்த எண்ணும் சொல்லாது. அது பட்டுக்கும் கண்ணுக்கும் உள்ள அந்தரங்கம். மாணவர் எழுந்து, புடவை போய் வந்த கூலியைத் தாம் கொடுப்பதாகச் சொன்னார். பெரியவர் சிறிது தயங்கினார். பிறகு, "பாதியை வாங்கிக் கொள்கிறேன். மறு பாதி, நானும் அனுப்புவதற்கு முன்னால் வாசலில் வைத்துப் பார்க்காமல் விட்டதற்கு" என்றார்.

நேயர்களில் பலர் வீட்டில் இப்போது கம்ப்யூட்டரும் காமிராவும் இருக்கின்றன. அவர்களுக்குச் சில வார்த்தைகள். மென்பொருளைப் புதுப்பிப்பதற்கு முன்னால் பழைய ஏற்பாடுகளை ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். கூடுமானால் ஒரு மாதம் பழைய பதிப்பையும் நீக்காமல் இருங்கள். மூலப் படத்தின் மேல் ஒருபோதும் எழுதாதீர்கள். வர்ணம் மாறிற்று என்று தோன்றினால் முதலில் வேறொரு திரையில் பாருங்கள்: ஒரு திரையில் மட்டும் மாறினால் குற்றம் திரையினுடையது, எல்லாத் திரைகளிலும் மாறினால் கோப்பினுடையது. இரவில் திரையை மஞ்சளாக்கும் ஏற்பாடும், வர்ணங்களைப் பளிச்சென்று காட்டும் ஏற்பாடும் கைப்பேசியில் இருந்தால், வர்ணத்தைச் சோதிக்கும்போது நிறுத்திவிடுங்கள். குழல் விளக்கின் கீழ் வர்ணத்தைத் தீர்மானிக்காதீர்கள். திரையில் ஜொலிப்பதெல்லாம் அச்சில் ஜொலிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். ஒளிக்கு வாய்த்தது மைக்கு வாய்ப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, யந்திரம் கேள்வி கேட்டால் வெளியே பத்துப் பேர் காத்திருந்தாலும் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். படிப்பதற்கு அரை நிமிஷம் ஆகும். படிக்காததற்கு நம் மாணவருக்கு மூன்று மாதம் ஆயிற்று.

பத்து நாளைக்குப் பிறகு மாணவர் டெலிபோனில் கூப்பிட்டார். திரும்பி வந்த கிளிப்பச்சைப் புடவையை மதுரையில் ஒரு குடும்பத்தார் வாங்கியிருக்கிறார்கள். புடவை போய்ச் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது, திரும்பி வரவில்லை. பெரியவர் தறியில் அடுத்தது ஏறிவிட்டதாம். கம்ப்யூட்டரை விற்கும் பேச்சும் நின்றுவிட்டது.

இவ்வளவையும் வீட்டில் விஸ்தாரமாகச் சொன்னோம். மாக்ஸ்வெல்லையும், 1931-ம் வருஷத்துக் கமிஷனையும், 219-ஐயும் விடவில்லை. நம் வீட்டு அம்மணி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதற்கா இவ்வளவு கணக்கு? வாசலுக்குக் கொண்டு போய்ப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்குமே" என்றார்.

அடுத்த தடவை ஜவுளிக் கடைக்குப் போகும்போது, கடிகாரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது என்று தீர்மானித்திருக்கிறோம்.